கருங்காலி மாலைக்கு ஒரு டேட்டா ஷீட்

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பித்ததில் இருந்து ஃபைனல் இயர் பசங்க மத்தியில ரெண்டு பொருள் அதிகமாயிருக்கு. ஒண்ணு ஃபார்மல் ஷூ. இன்னொண்ணு கருங்காலி மாலை. ஆப்டிட்யூட் டெஸ்ட் எழுதப் போறவன் கழுத்துல, ஜிம் போறவன் கையில, புல்லட் ஹேண்டில்பார்ல, எல்லா இடத்திலும் கறுப்பு மணி. சினிமா இயக்குநர்களும் நடிகர்களும் போட ஆரம்பித்த பிறகு இது ஒரு யூனிஃபார்ம் மாதிரி ஆகிவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருடைய நம்பிக்கையையும் கிண்டல் பண்ண இந்தக் கட்டுரை இல்லை. சாமி கும்பிட்டுட்டு இன்டர்வியூ போறதுல எனக்கு எந்தப் பிரச்சினையும் கிடையாது. என் பிரச்சினை வேற. நாம எல்லாரும் இன்ஜினியரிங் படிக்கிறோம். ஒரு பவர் பேங்க் வாங்கினாகூட மில்லி ஆம்பியர் எவ்வளவு, பிஐஎஸ் மார்க் இருக்கா என்று பார்க்கிறோம். சிமென்ட் மூட்டையில கிரேடு பார்க்கிறோம். ஆனா 500 ரூபாய், 1500 ரூபாய் குடுத்து வாங்கிற ஒரு மரப்பொருளைப் பற்றி 'இது எந்த மரம்?' என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால், கடைக்காரர் சொல்ற கதையைவிட சுவாரஸ்யமான கதை அந்த மரத்துக்குள்ளேயே இருக்கு. அதைக் கேட்காமல் விட்டால் நஷ்டம் நம்ம பர்ஸுக்கு மட்டும் இல்லை என்பதுதான் என் வாதம்.

பேரிலேயே குழப்பம்

'கருங்காலி' என்று தமிழில் ஒரே ஒரு மரத்தைச் சொல்வதில்லை. குறைந்தது ரெண்டு மரம் இந்தப் பேருக்குள்ள இருக்கு.

முதல் மரம் டயோஸ்பைரோஸ் எபனம். ஆங்கிலத்தில் எபனி என்று சொல்வது இதைத்தான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த ஊர். இலங்கையின் உலர் மண்டலக் காடுகளிலும், நம் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காடுகளிலும் வளர்வது. சீமைப் பனிச்சை என்று சொல்லப்படும் பெர்சிமன் பழமும், பீடி சுற்றுகிற இலையும் இதே குடும்பம்தான். பக்கா கறுப்பு நிற வைரம் இந்த மரத்துக்குத்தான்.

ரெண்டாவது மரம் அகேசியா கேட்டெச்சு. இப்போது தாவரவியல்காரர்கள் செனகாலியா கேட்டெச்சு என்று பேரை மாற்றிவிட்டார்கள். இது முள் மரம். வேல மரத்துக்குச் சொந்தக்காரன். வெற்றிலை பாக்கோடு போடுகிற காசுக்கட்டி இந்த மரத்தின் வைரத்தைச் சீவி, கொதிக்க வைத்து, வற்ற வைத்து எடுப்பது. சித்த மருத்துவத்தில் கருங்காலி என்றால் பெரும்பாலும் இதுதான். மிருகசீரிஷ நட்சத்திரத்துக்கு உரிய மரம் என்று சொல்வதும் இதைத்தான். இதன் வைரம் கன்னங்கரேல் என்று இருக்காது, செம்பழுப்பாக இருக்கும்.

இப்போ யூடியூப்ல, ரீல்ஸ்ல வர்ற 'ஒரிஜினல் கண்டுபிடிப்பது எப்படி' வீடியோக்களை ஞாபகப்படுத்திப் பாருங்க. மணி நல்லா கறுப்பா இருக்கணும் என்பார்கள். அடுத்த நிமிஷமே, ராத்திரி தண்ணியில போட்டு வைங்க, காலையில தண்ணி சிவப்பா மாறினா ஒரிஜினல் என்பார்கள். கறுப்பு நிறம் முதல் மரத்தோடது. தண்ணீர் சிவப்பாக மாறுவது ரெண்டாவது மரத்தோடது, ஏன்னா காசுக்கட்டிக்குக் காரணமான டானினும் கேட்டெச்சினும் தண்ணீரில் கரையும். ரெண்டு வேற வேற மரத்தின் குணத்தை எடுத்து ஒரே மணிக்கு டெஸ்டா வைக்கிறாங்க. ஒரு மணி கன்னங்கரேல்னும் இருந்து, தண்ணியையும் சிவப்பாக்கினா, நான் முதல்ல சாயம் பூசியிருக்காங்களான்னுதான் சந்தேகப்படுவேன்.

பேர்க் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. பழைய எகிப்தில் எபனி என்று சொன்ன மரம், இன்று ஆப்பிரிக்கன் பிளாக்வுட் என்று சொல்லப்படும் வேறொரு மரமாக இருக்கலாம் என்கிறார்கள். பேர் எகிப்தில் இருந்து கிரேக்கம் வழியா ஐரோப்பா போய், கடைசியில நம்ம ஊர் மரத்துக்கு ஒட்டிக்கிச்சு.

ஏன் மூழ்குது?

வியாபாரிகள் செய்து காட்டும் இன்னொரு டெஸ்ட், தண்ணீரில் மூழ்குவது. இதுக்குப் பின்னாடி நல்ல இயற்பியல் இருக்கு, அதனால கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

எந்த மரமாக இருந்தாலும், அதன் செல் சுவர் என்ற பொருளின் அடர்த்தி கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிராம். அதாவது செல் சுவர் என்ற பொருள் தண்ணீரைவிட எப்பவுமே கனம். அப்புறம் ஏன் பெரும்பாலான மரம் மிதக்குது? உள்ளே இருக்கிற காலி இடத்தால். தேக்கின் அடர்த்தியை 0.65 என்று எடுத்துக்கொண்டால், 0.65-ஐ 1.5-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழிங்க. 57 சதவீதம் வருது. தேக்குப் பலகையில பாதிக்கு மேல காற்று! விளையாட்டு விமானம் செய்யும் பால்சா மரத்தில் இது 90 சதவீதத்தை நெருங்கும். கருங்காலியின் நல்ல கறுப்பு வைரம் 1.1 வரை போகும். அங்கே காலி இடம் கால் பங்குதான். செல்களுக்கு உள்ளேயும் கறுப்பான பொருள் போய் அடைத்திருக்கும். அதனால்தான் கையில எடுத்தா கல்லு மாதிரி இருக்கு.

ஆனால் எல்லாக் கருங்காலியும் 1.1 கிடையாது. வெளிப்பக்கத்து வெளுத்த மரம் கலந்த துண்டு, நன்றாகக் காய்ந்த துண்டு எல்லாம் 0.9 பக்கம் வரும். அது அசல் எபனிதான், ஆனால் மிதக்கும். இன்னொரு பக்கம், செம்மரத்தின் வைரம் மூழ்கும். ஆச்சா மரம் மூழ்கும். ரெசின்ல வார்த்த பிளாஸ்டிக் மணி அழகா மூழ்கும், ஏன்னா அதோட அடர்த்தியும் 1.1, 1.2-தான். ஆக, மூழ்குவது என்பது 'அடர்த்தி ஒன்றுக்கு மேல்' என்ற தகவலை மட்டும்தான் தருது. எந்த மரம் என்பதை அது சொல்லாது.

என் கிளாஸ்மேட் ஒருத்தனோட மாலை மிதந்தது. வாங்கின இடத்துக்கு போன் போட்டான். 'தம்பி, அது இளங்கருங்காலி, போகப் போக வெயிட் ஏறும்' என்று பதில் வந்தது. கழுத்துல போட்டா மரம் வளருமாம்!

இதையே ஒழுங்காகச் செய்ய ஆசையா? கெமிஸ்ட்ரி லேப் தராசு போதும். முதலில் மாலையை எடை போடுங்கள். பிறகு தராசு மேல் தண்ணீர் உள்ள பீக்கரை வைத்து சீரோ பண்ணுங்கள். மாலையை நூலில் கட்டி, அடியில் படாமல், முழுசாக மூழ்கும்படி தொங்க விடுங்கள். மிதந்தால் ஒரு ஊசியால் அழுத்திப் பிடிக்கலாம். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் மாலையின் கொள்ளளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்துக்கு முதல் வருஷத்துல மார்க் வாங்கினோமே, அதோட பயன் இதுதான். நூலையும் உலோக லாக்கையும் கழட்டிட்டுப் பண்ணுங்க.

ஏன் மக்காது?

கருங்காலிக்கு உண்மையான பெருமை இங்கேதான். கறையான் தின்னாது, சீக்கிரம் உளுத்துப் போகாது.

'கனமான மரம் மக்காது' என்று நாம பொதுவா நினைக்கிறோம். அது தப்பு. ஐரோப்பாவின் பீச் மரம் தேக்கைவிடக் கொஞ்சம் கனம்தான், ஆனா மண்ணில் வைத்தால் சில வருஷத்தில் காலி. வட அமெரிக்காவின் வெஸ்டர்ன் ரெட் சிடார் தேக்கில் பாதிக்கும் கொஞ்சம் மேல்தான் எடை, ஆனால் கூரை ஓடாகவே போட்டு மழையில் பல வருஷம் நிற்கும். மக்காமல் இருப்பதற்குக் காரணம் கனம் இல்லை, வேதியியல். மரம் வயதாகும்போது நடுவில் உள்ள செல்கள் செத்துப்போகும். சாகும்போது அதுக்குள்ளே ஃபீனால், டானின், குயினோன் வகைப் பொருட்கள் சேரும். இவை பூஞ்சைக்கும் பூச்சிக்கும் விஷம். டயோஸ்பைரோஸ் இன மரங்களில் நாப்தோகுயினோன் என்ற வகை, கேட்டெச்சுவில் டானின் வகை. இப்படிச் சேர்ந்த நடுப்பகுதியைத்தான் நம்ம தாத்தாக்கள் 'வைரம் பாய்ந்த கட்டை' என்றார்கள். வெளியே உறுதியாக இருப்பது புல், உள்ளே உறுதியாக இருப்பது மரம் என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. எந்த மரமாக இருந்தாலும், வைரத்துக்கு வெளியே இருக்கும் வெளுத்த பகுதிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது மக்கும்.

மரம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? டேராடூனில் 1906-ல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே 60 செ.மீ. நீளம், 5 செ.மீ. சதுரத்தில் மரக்குச்சிகளை வெட்டி, வரிசை வரிசையாகப் பாதி நீளம் மண்ணில் புதைத்து வைப்பார்கள். பார்க்கக் கல்லறைத் தோட்டம் மாதிரியே இருக்கும், சோதனையின் பேரே 'கிரேவ்யார்டு டெஸ்ட்'. கறையானும் பூஞ்சையும் தின்ன விட்டுவிட்டு அவ்வப்போது எடுத்துப் பார்ப்பார்கள். சராசரியாக 120 மாதம், அதற்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு. 60-லிருந்து 120 மாதம் ரெண்டாம் வகுப்பு. 60-க்குக் கீழே மூணாம் வகுப்பு. இந்தியத் தர நிர்ணயத்தின் மர வகைப்பாடு இதை வைத்துத்தான் வந்தது. மண் மட்டத்தில் புதைப்பதற்குக் காரணம், ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் அதுதான். பூஞ்சைக்கு ரெண்டும் வேணும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒண்ணு. நைலான் வருவதற்கு முன்னால் மீன்வலை பருத்தியிலும் சணலிலும்தான். கடல் தண்ணியில சீக்கிரம் நைந்து போகும். அதனால் காசுக்கட்டிச் சாயத்தில் வலையையும் பாயையும் ஊற வைத்தார்கள். மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சேர்த்த அதே டானின், நூலையும் காப்பாற்றியது. ஒரு மரத்தோட ரெசிஸ்டன்ஸை எடுத்து இன்னொரு பொருளுக்கு மாத்தியிருக்காங்க. இதை மெட்டீரியல்ஸ் பேப்பர்ல யாராவது எனக்குச் சொல்லியிருந்தா அந்த செமஸ்டர் தூங்கியிருக்க மாட்டேன்.

உழைத்த மரம்

கருங்காலியை நம்ம ஆட்கள் முதலில் என்ன செய்தார்கள்? உலக்கை. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கல் உரலில் இடிக்கணும், முனை சிலும்பக்கூடாது, சொந்த எடையிலேயே இறங்கி நெல்லைக் குத்தணும். கனம், கடினம் ரெண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுகிற வேலை. கடினத்தை அளக்க ஜங்கா சோதனை என்று ஒன்று உண்டு. 11.28 மி.மீ. இரும்புக் குண்டை மரத்தில் பாதி வரை அழுத்த எவ்வளவு விசை வேணும் என்பது கணக்கு. தேக்குக்கு ஏறக்குறைய 5,000 நியூட்டன். கருங்காலிக்கு 10,000-ஐத் தாண்டும். டேட்டா ஷீட் பார்க்காமலேயே நம்ம கிராமத்து ஆசாரி சரியான மெட்டீரியல் செலக்‌ஷன் பண்ணியிருக்கார்.

17-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நம் சோழமண்டலக் கரையில் தச்சர்கள் டச்சுக்காரர்களுக்காக எபனி நாற்காலிகள் செய்தார்கள். உடம்பு முழுக்கப் பூவேலை. அவை இங்கிலாந்துக்குப் போயின. ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அவற்றைப் பழைய டியூடர் காலத்து ஆங்கில நாற்காலிகள் என்றே நம்பி வாங்கித் தன் வீட்டில் வைத்தார். நம்ம கடற்கரைத் தச்சரோட வேலையை இங்கிலாந்து தன்னோட பழம்பெருமைன்னு நினைச்சிருக்கு! வயலினில் விரல் ஓடும் பலகை, பழைய பியானோவின் கறுப்புக் கட்டை, இதுக்கெல்லாம் எபனி போனதற்கும் காரணம் தேயாமை. அதே இடத்தில் விரலும் கம்பியும் உரசினாலும் எளிதில் பள்ளம் விழாது.

மூழ்கும் மரம் என்று மேலே சொன்ன ஆச்சாவையும் விட மனசில்லை. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்வது அந்த மரத்தில்தான். டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கு வாசிக்க வசதியாக ரங்கநாதன் ஆசாரி நீண்ட பாரி நாகஸ்வரத்தைச் செய்து தந்தது அந்த ஊரில்தான். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் தேடுவது புது மரத்தை இல்லை. பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் உத்தரத்தையும் தூணையும். பல வருஷம் காய்ந்த மரம் இனிமேல் சுருங்காது, வெடிக்காது, ஊதுகிற காற்றின் ஈரத்தைத் தாங்கும். நம் தெருவில் ஜேசிபி இடித்துப் போடுகிற வீட்டுக்குள் ஒரு நாகஸ்வரம் இருக்கலாம். அதை எடைக்குப் போடும்போது அது என்ன மரம் என்று சொல்லத் தெரிந்தவர் அங்கே இருக்கணும். சிவில் படிச்ச நாம அந்த ஆளா இருக்கோமா?

மணியாக மாறிய மரம்

இப்போ மாலைக்கு வருவோம். 'நெகட்டிவ் எனர்ஜியை இழுத்துக்கும், செல்போன் கதிர்வீச்சை உறிஞ்சும்' என்பது விளம்பரம். முதல் பாதி நம்பிக்கை, விட்டுவிடுகிறேன். ரெண்டாவது பாதி இயற்பியல், அதை விட முடியாது. ரூம் கதவைச் சாத்தினாலும் உள்ளே வைஃபை வருது இல்லையா? 35 மி.மீ. மரக்கதவு தடுக்காத அலையை 8 மி.மீ. மணி எப்படித் தடுக்கும்? அதுவும் மணிக்கும் போனுக்கும் நடுவில் வெறும் காற்று இருக்கும்போது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 8 மி.மீ. மணி 108 என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 29 கன செ.மீ. கிட்டத்தட்ட 30 கிராம் மரம். ஒரு சதுரக் கட்டையில் இருந்து உருண்டை கடைந்தால் 52 சதவீதம்தான் மணியாகும். மிச்சம் தூள். ரம்பம் தின்பது தனி. அப்படியென்றால் ஒரு மாலைக்கு 60 கிராம் வைரம். இது சின்ன அளவுதான், நேர்மையாகச் சொல்லணும். ஒரு உலக்கைக்கு ஆகும் 3 கிலோவில் 50 மாலை வரும். 'ஒரு மாலையால் காடு அழியுது' என்று நான் சொன்னால் அது பொய்.

ஆனா ஒரு உலக்கை மூணு தலைமுறைக்கு வேலை செய்யும். மாலை அடுத்த ட்ரெண்ட் வரும் வரைக்கும். உலக்கை செய்தவருக்கு மரம் எந்தக் கொல்லையில் நின்றது என்று தெரியும். ஆன்லைனில் வாங்கிய மாலையின் மரம் எந்த மாநிலம், எந்த நாடு, பட்டா நிலமா காப்புக்காடா என்று விற்கிறவருக்கே தெரியாது. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் மரம் வெட்டுவது 1882-ல் வந்த வனச் சட்டத்தில் இருந்தே குற்றம். கருங்காலி மெதுவாக வளரும். இன்று வெட்டும் மரத்தின் வைரத்தை நம்ம வாழ்நாளில் திரும்ப வளர்க்க முடியாது. நம்ம கடற்கரையோரக் காடுகளில் மிஞ்சியிருப்பதில் நிறைய, கோயில் காடுகள் என்ற சின்னச் சின்னத் துண்டுகள்தான். சாமிக்குப் பயந்து விட்டு வைத்த மரத்தை, சாமி பேரைச் சொல்லியே வெட்டக்கூடாது இல்லையா?

கறுப்பு வேணும் என்பதன் விலை

இது கற்பனைப் பயம் இல்லை. கிட்டார் உலகத்தில் ஏற்கனவே நடந்தது.

ஆப்பிரிக்க எபனி மரத்தை வெளியில் இருந்து பார்த்து உள்ளே எவ்வளவு கறுப்பு என்று சொல்ல முடியாது. வெட்டினால்தான் தெரியும். 2011-ல் அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் நிறுவனம் ஒரு ஸ்பெயின் நிறுவனத்தோடு சேர்ந்து காமரூனில் ஒரு எபனி மில்லை வாங்கியது. அப்போதுதான் நிறுவனர் பாப் டெய்லருக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பத்து மரம் வெட்டினால் ஒன்றுதான் முழுக் கறுப்பு. கோடு விழுந்த மீதி ஒன்பதுக்கு விலை இல்லை என்று காட்டிலேயே போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். வலிமையில் குறை இல்லை. நிறம் மட்டும்தான் பிரச்சினை. அதன் பிறகு கோடு விழுந்த மரத்தையும் அவர்கள் கிட்டாரில் போட ஆரம்பித்தார்கள்.

கிப்சன் கதை இன்னொன்று. மடகாஸ்கரில் இருந்து வந்த எபனி பற்றிய வழக்கில், 2012-ல் அந்த நிறுவனம் 3 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷம் மடகாஸ்கர் எபனி மரங்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. அவ்வளவு பெரிய கம்பெனிகளே 'மரம் எங்கிருந்து வந்தது' என்ற கேள்வியில் மாட்டியிருக்கின்றன.

நம்ம மாலைச் சந்தையும் அதே 'பக்கா கறுப்பு' என்ற ஒரே டிமாண்டில்தான் ஓடுது. விளைவு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, உண்மையான மரத்தைக் கறுப்புக்காகத் தேடி வெட்டுவார்கள். இல்லை, ஏதோ ஒரு மரத்துக்குச் சாயம் பூசி நம்ம தலையில் கட்டுவார்கள். ரெண்டாவது நடந்தால் மரத்துக்கு நல்லது, நமக்குச் சட்டைக் காலரில் கறை. வேடிக்கையாகச் சொன்னாலும் ரெண்டுமே நல்ல நிலைமை இல்லை.

'அப்போ மணி கடையறவங்க பிழைப்பு?'

இந்தக் கேள்வியை என் ஃபிரெண்டு கேட்டான். நியாயமான கேள்வி. கடைசல் பட்டறையில் வேலை செய்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கருங்காலி கடைவது சுலபமும் இல்லை. உளியை மழுங்க வைக்கும், வெடிக்கும், அதன் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் அரிப்பும் எரிச்சலும் தரும். அந்த உழைப்புக்கு நல்ல விலை கிடைக்கணும். ஆனால் சாயம் பூசிய மணி 200 ரூபாய்க்கு 'ஒரிஜினல் கருங்காலி' என்று விற்கும்போது முதலில் அடி வாங்குவது, பட்டா நிலத்து மரத்தை ரசீதோடு வாங்கி ஒழுங்காகக் கடைகிறவர்தான். நாம கேள்வி கேட்டால் அவருக்கு லாபம். கேட்காவிட்டால் ஏமாற்றுகிறவருக்கு லாபம்.

'நம்பிக்கைக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கலாமா?' என்று இன்னொருத்தன் கேட்டான். நம்பிக்கைக்குக் கேட்க வேண்டாம், விற்பனைக்குக் கேட்கலாம். நம்ம பாட்டி விபூதிக்குக் காசு வாங்கலை. 1500 ரூபாய் வாங்கியவர் பதில் சொல்லணும்.

என்ன பண்ணலாம்?

வாங்கியே ஆகணும் என்றால் மூணு கேள்வி கேளுங்க. எபனியா, காசுக்கட்டி மரமா? மரம் எங்கிருந்து வந்தது? பில் தருவீங்களா? பதில் வரலைன்னா நகர்ந்துடுங்க. ஏற்கனவே வாங்கியவர்கள், உபரியாக ஒரு மணி இருந்தால் அதை ரெண்டாக உடைத்துப் பாருங்கள். மேலே கறுப்பு, உள்ளே வெளுப்பு என்றால் அது சாயம். உள்ளேயும் கறுப்பு என்றால் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். எபனியின் துளைகள் ரொம்ப நுண்ணியவை. காசுக்கட்டி மரத்தின் துளைகள் வெறும் கண்ணுக்கே புள்ளி புள்ளியாகத் தெரியும். பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரத்தை அடையாளம் கண்டு சொல்லும் வசதியே இருக்கிறது.

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு கோரிக்கை. மெட்டீரியல்ஸ் லேபில் சிமென்ட்டுக்கு ஒரு ரேக், இரும்புக் கம்பிக்கு ஒரு ரேக் இருக்கு. மரத்துக்கு ஒண்ணும் இல்லை. சிலபஸில் டிம்பர் என்பது பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற ரெண்டு பக்கம். தேக்கு, வேங்கை, மருது, ஆச்சா, கருங்காலி, பனை, வேம்பு, பூவரசு என்று பேர் எழுதின சின்னச் சின்னத் துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? ஊரில் மர அறுப்பு மில்லில் கேட்டால் சும்மாவே தருவார்கள். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கேட்டால் இன்னும் நல்ல துண்டு கிடைக்கும். மினி பிராஜெக்ட் தலைப்பு தேடிக்கிட்டு இருக்கிற தேர்ட் இயர் மக்களே, அடர்த்தி, ஈரப்பதம், கடினம் மூணையும் அளந்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கார்டு எழுதி ஒட்டினால் அதுவே ஒரு பிராஜெக்ட். ஹாஸ்டல் பின்னாடி கொஞ்சம் மண்ணை ஒதுக்கினால், டேராடூன் மாதிரி ஒரு குட்டி 'கல்லறைத் தோட்ட'மும் போடலாம். 120 மாதம் கழிச்சு நம்ம ஜூனியரோட ஜூனியர் வந்து எடுத்துப் பார்க்கட்டும்.

கடைசியா ஒரு வார்த்தை. தமிழில் வேலைநிறுத்தத்தில் சக தொழிலாளியைக் காட்டிக்கொடுப்பவனைக் 'கருங்காலி' என்று திட்டுவோம். ஆங்கிலத்தில் அதே ஆளுக்கு 'பிளாக்லெக்' என்று பேர், நம்ம வசவும் அதோட அப்படியே பொருந்துது. பாவம், மரத்துக்கும் அந்தத் துரோகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நெல் குத்தியிருக்கு, வலையைக் காப்பாத்தியிருக்கு, வயலினுக்கு விரல் பலகையாயிருக்கு. அடுத்த தடவை கழுத்தில் போடும் முன் அதன் சரியான பேரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வோம். மாலையோட இந்தக் கட்டுரையைப் படிச்சவங்க, திங்கட்கிழமை லேபுக்கு மாலையை எடுத்துட்டு வாங்க. தராசு ஃப்ரீயாதான் இருக்கும்.